ஆறு ஐந்துக்கு எத்தனை தலை

எங்கள் ஸ்டேஷனில் அடுத்த மாதம் முதல் காலை ஆறு பத்து வண்டி நிற்காது என்ற நோட்டீசை ஒட்டியவன் நான். அதற்குக் காரணமும் நானே. இந்த இரண்டாவது விஷயம் எனக்கு உறைக்க அரை மணி நேரம் ஆயிற்று.

மலேசியாவில் ராசா என்ற ஊருக்குப் பக்கத்துச் சின்ன ஸ்டேஷன் அது; டிக்கெட் கவுண்டர் முதல் எல்லாம் நான்தான். ஆறு பத்து வண்டியைப் பிடித்தால் ரவாங் தொழிற்சாலையில் ஏழு மணி ஷிப்டுக்குப் போய்விடலாம். அடுத்த வண்டி ஆறு ஐம்பதுக்கு. ஆள் ஏறாத ஸ்டேஷன்களில் நிற்காமல் போனால் வேகம் கூடும் என்று மேலிடம் கணக்குப் போட்டது. ஏறுகிறவர்களைக் கணக்கெடுக்கும் கார்டு தட்டும் மெஷின் அப்போது ரிப்பேர். கையால் எண்ணி நிரப்பச் சொல்லி ஒரு பாரம் வந்தது. வண்டி வர ஐந்து நிமிடம் இருக்கையில் பிளாட்பாரத்தில் நிற்பவர்கள் எத்தனை பேர்? ஒரு வாரம் எண்ணினேன். நாலு, மூன்று, நாலு, ஐந்து, இப்படித்தான். கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டேன்.

நோட்டீசைப் பார்த்ததும் சரோஜா கவுண்டருக்கு ஓடி வந்தார். தொழிற்சாலையில் பேக்கிங் வேலை அவருக்கு.

"என்னாண்ணே இது? ஆறு அம்பதுல போனா தெனமும் லேட்டு லா. மூனு லேட்டு ஆனா வேலைய விட்டுத் தூக்கிருவாங்க. ரெண்டு புள்ளைங்களுக்கும் நான் ஒருத்திதாண்ணே."

"நாலு பேருதானம்மா நிக்கிறீங்க. நான் என்ன பண்றது?"

"நாலு பேரா? அப்ப ரொட்டி சானாய் கடையில நிக்கிறதெல்லாம் யாரு, பேயா?"

அப்போதுதான் உறைத்தது. எங்கள் ஆட்கள் பிளாட்பாரத்தில் நிற்கவே மாட்டார்கள். அங்கே கொசு பிடுங்கும். ரோட்டுக்கு எதிரே அந்த ரொட்டிக்கடையில், நாங்கள் தே என்று சொல்லும் டீயைக் குடித்துக்கொண்டிருந்துவிட்டு, வளைவில் ஹாரன் கேட்டதும் ஒரே ஓட்டமாக ஓடி வந்து ஏறுவார்கள். அந்த ஓட்டத்தை வருஷக்கணக்காகப் பார்த்துச் சிரித்தவன் நான். பாரத்தில் பிளாட்பாரம் என்று போட்டிருந்ததால் பிளாட்பாரத்தை மட்டும் எண்ணியிருக்கிறேன். வெட்கமாகப் போய்விட்டது.

மேலதிகாரி குணசேகரனுக்குப் போன் போட்டு உண்மையைச் சொன்னேன்.

"நீயே எண்ணிட்டு நீயே தப்புங்கறியா? சரி, வியாழக்கிழமை நானே வரேன். ஒரே நாள்தான்!"

கடைக்குப் போய் எல்லாரிடமும் சொன்னேன். "வியாழக்கிழமை ஆறு மணிக்கே பிளாட்பாரத்துக்கு வந்திருங்க." "சரிண்ணே, சரிண்ணே" என்று தலையாட்டினார்கள்.

வியாழக்கிழமை பார்த்து மழை கொட்டியது. ஆறு ஐந்துக்குப் பிளாட்பாரத்தில் மறுபடியும் நாலே பேர். அதில் ஒருத்தர் சரோஜா. தொப்பலாக நனைந்து, கடைப்பக்கமே பார்த்துக்கொண்டு நின்றார். அழுதுவிடுவார் போலிருந்தது.

"நாலுதான்யா" என்று குணசேகரன் பேனாவைத் திறந்தார்.

அவர் கையைப் பிடித்தேன். "சார், எழுதறதுக்கு முன்னால ஒரு தே குடிச்சிருவோம்."

கடையில் நிற்க இடமில்லை. அவர் ஒரு வாய்தான் குடித்திருப்பார், ஹாரன் கேட்டது. "ஐயோ வண்டி!" மொத்தக் கூட்டமும் பாய்ந்தது. போகிற போக்கில் அவரையும் தள்ளிக்கொண்டு போனது. குடை ஒரு பக்கம், பாரம் ஒரு பக்கம். ரயில் கதவோரம் நனைந்தபடி நின்று அவர் விரல் விட்டு எண்ணினார். நாற்பத்து மூன்று.

"ஏன்யா, இத்தன பேரையும் எங்கய்யா ஒளிச்சு வச்சிருந்த?"

மறுவாரம் கடிதம் வந்தது: ஆறு பத்து வழக்கம்போல் நிற்கும். நோட்டீசை நானே கிழித்தேன். சரோஜா அன்று என்னைக் கண்டுகொள்ளவே இல்லை. கடையில் தே குடித்துக்கொண்டிருந்தவர், ஹாரன் கேட்டு மற்றவர்களோடு ஓடினார்.

அதன்பின் ஓய்வு பெறும்வரை, எந்தப் பாரம் வந்தாலும் முதலில் ரோட்டைத் தாண்டிக் கடைக்குப் போய்விட்டுத்தான் எழுத உட்காருவேன்.