நைனா தடவிய கிரீஸ்

பொன்னேரிப் பக்கம் எங்கள் லைட்ஹவுஸ் குப்பத்தில் கடல் காற்று எதையும் விட்டுவைக்காது. கொக்கி, பூட்டு, ஆணி எல்லாம் ஒரே வருடத்தில் துருப்பிடித்துவிடும். அது தெரிந்தும், சூடு தணியட்டும் என்று கம்ப்யூட்டர் பெட்டியின் பக்கவாட்டு மூடியைக் கழற்றிவிட்டு, கடல் பார்த்த ஜன்னலுக்குக் கீழே வைத்திருந்தவள் நான். படித்த முட்டாள் என்று அம்மா என்னைச் சொல்வது சும்மா இல்லை.

சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே கட்டட வரைபடம் போட்டுக் கொடுக்கிறேன். அப்போது சேர்ந்து மூன்றாவது மாதம். கரண்ட் போய் இரண்டு முறை வேலை தாமதமாகியிருந்தது. இந்த முறை வரைபடம் வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள் வந்து சேராவிட்டால் சென்னைக்கே வந்து ஹாஸ்டலில் தங்கி வேலை பாருங்கள் என்று மேலாளர் சொல்லிவிட்டார். அம்மா ஒரு பாட்டம் அழுதாள். நைனா என்று நான் கூப்பிடும் அப்பா வலையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

அந்த வெள்ளிக்கிழமை காலை, திரையில் பச்சையும் ஊதாவுமாகக் கோடுகள் ஓடின. கேபிளைப் பிடுங்கி மாட்டினேன், வேறு கேபிள் போட்டேன். கடைசியில் வீட்டு டிவியைத் தூக்கிவந்து இணைத்தேன். அதிலும் அதே கோடுகள், பிறகு ஒரேயடியாக இருட்டு. ஆக, மானிட்டர் மேல் தப்பில்லை. பொன்னேரியில் கம்ப்யூட்டர் பழுது பார்ப்பவருக்குப் போன் போட்டேன். கிராபிக்ஸ் கார்டைக் கழற்றிவிட்டு, மானிட்டரை மதர்போர்டிலேயே இருக்கும் இணைப்பில் மாட்டிப் பாருங்கள், படம் வந்தால் கோளாறு கார்டில்தான் என்றார். கார்டு போயிருந்தால் புதிது வர நாலு நாளாகுமாம். அது இல்லாமல் என் வரைபடம் திறக்கக்கூடச் செய்யாது.

பிளக்கைப் பிடுங்கிவிட்டு டார்ச் அடித்து உள்ளே பார்த்தேன். கார்டைப் பிடித்திருக்கும் திருகுகளிலும் தகட்டிலும் கொழகொழவென்று கிரீஸ். படகு எஞ்சினுக்குப் போடுகிற அதே கிரீஸ். இரும்பைக் கண்டாலே எங்கள் ஆட்களின் கை கிரீஸ் டப்பாவுக்குத்தான் போகும்.

கார்டைக் கெடுத்தது அதுதான் என்று முடிவு கட்டிவிட்டேன். கோபம் வந்தால் என் வாய் நிற்காது. வாசலில் வலை பிரித்துக்கொண்டிருந்த நைனாவைப் பார்த்துத் தெருவே கேட்கும்படி கத்தினேன். என் பிழைப்பில் மண்ணைப் போட்டுவிட்டாய் என்றுகூடச் சொல்லிவிட்டேன். அவர் எழுந்து வந்து குனிந்து பார்த்தார்.

“ஸ்குரு துரு புடிக்க ஆரம்பிச்சிருந்துச்சு. அதுக்குத்தான் தடவுனேன். உள்ள அந்தப் பச்சைப் பலகையில கையே வெக்கல. அது இன்னான்னு எனக்குத் தெரியாதும்மா.”

நான் நம்பவில்லை. முணுமுணுத்துக்கொண்டே திருகைத் திருப்பினேன், இரண்டு விரலுக்கே வந்துவிட்டது. பெட்டியின் பின்பக்கம் அவர் கை போகாத திருகுகள் துருவேறி இறுகிக் கிடந்தன. இதுவும் அப்படி இருந்திருந்தால் அன்றைக்குக் கார்டை வெளியே எடுத்திருக்கவே முடியாது.

போர்டு இணைப்பில் படம் பளிச்சென்று வந்தது. கோளாறு கார்டில்தான். அதைத் திருப்பிப் பார்த்தேன். ஓரத்துப் பொன்னிறப் பட்டைகளில் பச்சையாக உப்புக் களிம்பு பூத்திருந்தது, கிரீஸ் ஒரு பொட்டுக்கூட இல்லை. ஜன்னல் வழியாக உப்பை உள்ளே விட்டவள் நான்தான். அவமானமாக இருந்தது.

பழுது பார்ப்பவர் சொன்னபடி, எழுதியதை அழிக்கும் ரப்பரால் பட்டைகளை மெல்லத் தேய்த்தேன். நைனா டார்ச் பிடித்தார். மாட்டிப் பார்த்தால் மறுபடியும் கோடுகள். கழற்றி, இன்னொரு முறை பொறுமையாகத் தேய்த்து, அழுத்தி மாட்டினேன். திரை தெளிந்தது. மதியச் சாப்பாட்டை மறந்து வேலையை முடித்து, ஐந்து மணிக்கு அனுப்பினேன். கிடைத்தது, வீட்டிலிருந்தே தொடருங்கள் என்று பதில் வந்தது.

வெளியே போய்ச் சொன்னேன். நைனா வலையிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

“அப்ப மெட்ராஸுக்குப் போவ வேணாமில்ல?”

வேண்டாம் என்றேன். அந்தக் கிரீஸை எப்போது தடவினாய் என்று கேட்டேன்.

“ஹாஸ்டலுக்குப் போவணும்னு சொன்னியே, அன்னிக்கு.”

எங்கள் வீட்டில் யாரும் யாருக்கும் நன்றி சொல்லிப் பழக்கமில்லை. அன்று நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னேன், காலையில் கத்தியதைப் போலவே தெருவுக்குக் கேட்கும்படி.