கருப்பன் கூப்பிட்ட மதியம்

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். எலக்ட்ரானிக்ஸ் படித்தவள். பேட்டரி இல்லாமல் எதுவும் பேசாது என்பதுதான் என் நம்பிக்கை. ஆனாலும் இதைச் சொல்கிறேன், நீங்கள் நம்பினால் நம்புங்கள்.

எண்பதுகளின் நடுவில் நானும் என் வீட்டுக்காரர் ஆரோக்கியமும் ஒரே ஆய்வுக்கூடத்தில் வேலை. ஆளில்லாமல் தண்ணீருக்குள் ஜோடியாக நீந்துகிற இரண்டு சின்ன இயந்திரங்களைச் சோதிக்க, தர்மபுரிப் பக்கத்து அணை ஒன்றுக்கு வந்திருந்தோம். இவர் அந்தப் பக்கத்து இண்டூர்க்காரர் இல்லையா, உழவு மாட்டுக்கு வைப்பதுபோல அவற்றுக்குக் கருப்பன், வெள்ளையன் என்று பெயர் வைத்துத் தடவிக்கொடுப்பார். தண்ணீருக்குள் ரேடியோ எடுபடாது, சத்தத்தால்தான் பேச வேண்டும். யார் முதலில் கூப்பிடுவது, எத்தனை தட்டுக்கு என்ன அர்த்தம் என்று, இரண்டுக்கும் பொதுவாக ஒரு பாஷையை நாங்களே சண்டை போட்டுப் போட்டு உண்டாக்கியிருந்தோம். கருப்பனுக்குக் கட்டைக் குரல், வெள்ளையனுக்குக் கீச்சுக் குரல்.

அன்று மதியம் அடியில் போன வெள்ளையனிடமிருந்து பதிலே இல்லை. கருப்பனைப் பரிசலில் ஏற்றிப் பேட்டரியைக் கழற்றிவிட்டேன்.

"இரு லில்லி, எங்கியாச்சும் மாட்டிகினு இருக்கும், பாத்துட்டு வந்துர்றேன்" என்று குதித்த ஆரோக்கியம் மேலே வரவில்லை.

தண்ணீருக்குள் விட்டிருந்த மைக்கின் ஹெட்போன் மட்டும் காதில் இருந்தது. அதில் கட்டைக் குரல் கேட்டது. 'இங்கே வா, இங்கே வா.' கருப்பனோ என் காலடியில் மூடி திறந்து கிடக்கிறான்.

"அந்தப் பக்கம் தள்ளுங்கண்ணா!" என்று பரிசல்காரர் மாதப்பனிடம் கத்தினேன். சத்தம் பெரிதான இடத்தில் அவர் கத்தியோடு குதித்தார். பழைய மீன்வலை ஒன்றில் சிக்கிக் கிடந்த ஆரோக்கியத்தையும், அதே வலையில் கிடந்த வெள்ளையனையும் அறுத்து மேலே கொண்டுவந்தார். வெள்ளையனுக்குள் முழுக்கத் தண்ணீர்.

இருமி இருமி மூச்சு வந்ததும் இவர் முதலில் கேட்டது, "கருப்பன ஏன் எறக்கி வுட்ட? பாவம், என் தோள ஒரசிகினே நின்னுச்சு."

"நான் எறக்கவே இல்லீங்க" என்று காலடியைக் காட்டினேன். அவர் என் கையை இறுகப் பிடித்துக்கொண்டார்.

ஹெட்போனைக் கழற்றப் போனபோது மறுபடியும் அந்தக் கட்டைக் குரல், மெதுவாக. எங்கள் பாஷையில் அதற்கு அர்த்தம், 'வேலை முடிந்தது, மேலே வருகிறேன்.'

பொழுது சாயும்வரை மூன்று பேரும் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தோம். எதுவும் மேலே வரவில்லை.