நகரும் வண்டியில் மட்டும்

ஜீப்பில் மைக் கட்டி விளம்பரம் சொல்லுகிறவனுக்குத் தொண்டையைவிட முக்கியம் போலீஸ் பர்மிஷன். இதே தொழிலில் சீரழிந்த சகோதரர்களே, உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. எண்பதுகளில் நான் ஏற்காட்டில் கம்பளிக்கடை பாய்க்காகக் கத்திக்கொண்டிருந்தேன். என் மைக் செட் ஏற்கெனவே ஒருமுறை பறிமுதலாகி, ஸ்டேஷன் மூலையில் மூன்று மாதம் கிடந்து திரும்பியிருந்தது. இன்னொரு தடவை போனால் என் பிழைப்பு அம்பேல்.

கொஞ்சம் குளிரும்

பேசப்போவதை எழுதி ஏட்டய்யாவிடம் கையெழுத்து வாங்க வேண்டும். "பாய் கடைக் கம்பளி, போர்த்தினால் குளிரே தெரியாது" என்று எழுதியிருந்தேன். ஆதாரம் கேட்டார். பாய் ஒரு கம்பளியைக் கொண்டுவந்து கொடுத்தார். ஏட்டய்யா அதைப் போர்த்திக்கொண்டு ஸ்டேஷன் வாசலில், பனியில், ஒரு மணி நேரம் உட்கார்ந்தார். நானும் பாயும் எதிரே நடுங்கிக்கொண்டு நின்றோம்.

கடைசியில் பேனாவை எடுத்து, "குளிரே தெரியாது" என்பதை அடித்துவிட்டு, "கொஞ்சம் குளிரும்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். பாய்க்கு முகம் செத்துப்போச்சு. வேறு வழியில்லாமல் அதையே கத்தினேன். மறுநாள் கடைக்கு வந்த கரடியூர் விவசாயி சொன்னார்: "பொய் சொல்லாத கடை இது ஒண்ணுதானுங்க. ரெண்டு குடுங்க."

எங்கே பேசுவது

ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், கோயில் பக்கம் பேசக்கூடாது என்று அடுத்த பர்மிஷனில் நிபந்தனை. ஏற்காடு கையகல ஊர். எல்லாவற்றையும் கழித்துப் பார்த்தால் ஏரிதான் மிச்சம். டிரைவர் மாணிக்கம் பர்மிஷன் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டான்: "ஏனுங்க, ஜீப்பு நீந்துமுங்களா?"

வாழவந்தி மேடு

அதனால் கிராமங்களுக்குக் கிளம்பினோம். தாளில் "நகரும் வண்டியில் மட்டும்" என்று வேறு இருந்தது. நின்ற இடத்தில் பேசினால் செட் பறிமுதல். வாழவந்தியில் "பாய் கடைக் கம்பளி" என்று ஆரம்பித்ததுமே இன்ஜின் படுத்துவிட்டது. மைக்கை அணைத்தேன். எஸ்டேட் வேலை முடிந்து வந்த பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள். பாதியில் நிறுத்தினால் எப்படி, கம்பளிக்கு என்ன என்று கேட்டார்கள். சட்டத்தைச் சொன்னேன். அவ்வளவுதானே என்று பதினோரு பேர் ஜீப்பைத் தள்ள ஆரம்பித்தார்கள். நானும் பேச ஆரம்பித்தேன்.

மேடு வந்தது. எல்லோருக்கும் மூச்சு வாங்கியது, ஜீப் தயங்கியது. அந்த நேரம் பார்த்து எதிரே நின்ற பஸ்ஸிலிருந்து ஏட்டய்யா இறங்கினார். பயத்தில் என் வாய் மட்டும் நிற்க மாட்டேன் என்கிறது. அவர் குனிந்து சக்கரத்தைப் பார்த்தார். நகர்ந்துகொண்டுதான் இருந்தது, நத்தை மாதிரி. தொப்பியைக் கழற்றி பானெட் மேல் வைத்தார். பின்னால் போய்த் தோளைக் கொடுத்தார்.

"நின்னுச்சுன்னா கேசு எழுதோணும், இந்தச் செட்டை நாந்தான் ஸ்டேஷனுக்குச் சுமக்கோணும். நீ பேசு சாமி, நான் தள்றேன்."

கம்பளி கொஞ்சம் குளிரும் என்ற ஒரே ஒரு விஷயத்தைச் சட்டப்படி சொல்லி முடிக்க எனக்குப் பதினோரு பெண்களும் ஒரு ஏட்டும் தேவைப்பட்டார்கள்.