சாரலில் வந்த வலிப்பு

தென்காசியில் என் வீட்டு மாடியில் ஒரு பெண் குடியிருக்கிறாள். புருஷன் துபாயில். இங்கே அவளும் அவளுடைய சின்ன மகளும்தான். எனக்குச் சொந்தக்காரி இல்லை. ஆனாலும் ஆத்திர அவசரத்துக்கு என்னைத்தான் கூப்பிடுவாள். நான் எழுத்துக் கூட்டிப் படிக்கிறவள். ஆனால் எந்தப் பெரிய ஆஸ்பத்திரியிலும் குரல் தாழாமல் பேசுவேன்.

ஒரு சாரல் காலத்தில் அந்தப் பிள்ளைக்கு வலிப்பு வந்தது. குற்றாலத்தில் குளித்து வீட்டுக்கு வந்த கொஞ்ச நேரத்தில் கண் செருகிக் கை கால் வெட்டியது. அடுத்த தடவை குளித்துவிட்டு வந்தபோதும் அப்படித்தான். அருவி இரைச்சலில் பயந்திருக்கும் என்று திருநீறு போட்டோம். இங்குள்ள டாக்டர் வலிப்பு மருந்து எழுதிக்கொடுத்து, வருஷக்கணக்கில் கொடுக்க வேண்டி வரலாம் என்றார். அன்றிலிருந்து தாய்க்காரிக்குச் சோறு இறங்கவில்லை.

அந்த டாக்டரே மதுரையில் உள்ள ஒரு குழந்தைகள் ஆஸ்பத்திரிக்கும் அனுப்பினார். காரணம் பிடிபடாத வலிப்பை அங்கே மூளை, இருதயம், வயிறு, தோல் என்று எல்லா டாக்டர்களும் சேர்ந்து ஆராய்ச்சி செய்கிறார்களாம். பஸ்ஸில் அவள் அழுதுகொண்டே வந்தாள்.

“ஆராய்ச்சின்னு சொல்லுதாவளே ஆச்சி, எம்பிள்ள என்ன எலியா?”

“எலிக்கு இம்புட்டு டாக்டர் எங்கனட்டி வருவாவ? கண்ணத் தொடச்சிட்டுப் பேசாம வா.”

தலையில் ஒயர் ஒட்டிப் பார்த்தார்கள். இருதயத்தைப் படம் எடுத்தார்கள். ஒரு குறையும் அகப்படவில்லை. ஒவ்வொரு டாக்டரும் வீட்டில் வேறு ஏதாவது மருந்து கொடுத்தீர்களா என்று கேட்டார். இல்லை என்றோம். உண்மையும் அதுதான்.

கடைசியில் எல்லோரும் ஒரே அறையில் உட்கார்ந்து எங்களைக் கூப்பிட்டார்கள். தோல் டாக்டர் ஒரு பெண். பிள்ளையின் நெஞ்சைத் தடவிப் பார்த்துவிட்டு, “மருந்த விடுங்கம்மா. அருவியில குளிச்சிட்டு வந்ததும் பிள்ளைக்கு என்ன செய்வீங்க?” என்றார்.

நான்தான் சொன்னேன்.

“தல தொவட்டி, தேங்காண்ணையில சூடத்தப் போட்டுக் காய்ச்சி நெஞ்சுலயும் முதுகுலயும் உச்சியிலயும் நல்லாத் தேய்ப்பா. சளி பிடிக்காதுல்லா! எங்க ஊருல எல்லாரும் செய்யுததுதான்.”

மூளை டாக்டர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டார். “இதத்தானேம்மா அப்பவே கேட்டோம்?”

“நீங்க மருந்துல்லா கேட்டிய? சூடம் சாமிக்குக் காட்டுதது. அது எப்படி மருந்தாவும்?”

ஒருவர் சிரித்துவிட்டார். மூளை டாக்டர் சிரிக்கவில்லை. சூடம் சின்னப் பிள்ளைகளின் தோல் வழியாக உள்ளே போய் வலிப்பைக் கொண்டுவரும் என்றார். எண்ணெயை அடியோடு நிறுத்தச் சொன்னார். அதன் பிறகு வலிப்பு வராவிட்டால், மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து விட்டுவிடலாமாம்.

சூடத்தை நிறுத்தினோம். வலிப்பு வரவில்லை. டாக்டர் சொன்னபடியே மருந்தும் நின்றது. மறு சாரலுக்கு அருவிக்குப் போகலாம் என்று அவரே சொன்னார். ஆனாலும் இவளுக்குக் கால் வரவில்லை. நான்தான் இழுத்துக்கொண்டு போனேன். பிள்ளை ஐந்தருவியில் ஆடித் தீர்த்தாள். வீட்டுக்கு வந்து தலை துவட்டி, வெறுமனே சட்டை போட்டுவிட்டோம். இவள் பிள்ளையின் முகத்தைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தாள். நானும் மாடியை விட்டு இறங்கவில்லை.

பொழுது சாய்ந்தது. பிள்ளை தும்மினாள். இன்னொரு தும்மல். மூக்கு ஒழுக ஆரம்பித்தது.

“ஆச்சி, சளிதான் பிடிச்சிருக்கு! வெறும் சளி!” என்று கத்தினாள் அவள். உடனே துபாய்க்குப் போன் போட்டாள். மகளுக்குச் சளி பிடித்ததை இப்படி வாயெல்லாம் பல்லாகச் சொன்ன தாயை நான் பார்த்ததே இல்லை. நான் என் முந்தானையால் பிள்ளையின் மூக்கைத் துடைத்தேன். துடைக்கத் துடைக்க ஒழுகியது. ஒழுகட்டும் என்று விட்டுவிட்டேன்.