பெருசு அடம்பிடித்த காலை

மறைமலை நகரில் நான் வேலை பார்க்கும் ஆலையில் ஒரு பிரஸ் இருக்கிறது. பத்திரிகை அச்சடிக்கும் பிரஸ் இல்லை. தகட்டை வைத்தால் ஒரே அமுக்கில் கார் கதவாக்கித் தருகிற இரும்பு பிரஸ். இரண்டு மாடி உயரம். நான் வேலைக்குச் சேரும்போதே அதற்கு வயதாகியிருந்தது. ஆலையில் எல்லோரும் அதைப் 'பெருசு' என்பார்கள். என் தலை நரைத்த பிறகு, "பெருசு மக்கர் பண்ணுது" என்று யாராவது சொன்னால் ஒரு நொடி நானும் திரும்பிப் பார்த்துவிடுகிறேன்.

பெருசைச் சாகவிடாமல் பார்த்துக்கொள்வதுதான் என் வேலை. இதற்குப் பராமரிப்புப் பொறியாளர் என்று கௌரவமான பெயர். வேலையை ஒழுங்காகச் செய்தால் ஒன்றுமே நடக்காது. ஒன்றுமே நடக்காததற்கு யாரும் கைதட்டுவதில்லை. இயந்திரம் நின்றால் மட்டும் வாட்ச்மேன் வரை எல்லோருக்கும் என் ஞாபகம் வரும்.

சேலையூரில் பள்ளி ஆசிரியையாக இருக்கும் என் மனைவிக்கும் இந்தத் தொழில் மீது அபார மரியாதை. "அவ்ளோ பெரிய மெஷின் உங்க கைல பத்திரமா இருக்குங்கறீங்க. நம்ம மிக்ஸி மட்டும் உங்களப் பாத்தா ஏங்க புகை விடுது?" என்பாள். அது தயாரிப்புக் கோளாறு என்று நானும் பலமுறை விளக்கியாயிற்று.

போன வருடம் தலைமை அலுவலகத்துக்குத் திடீரென்று பெருசின் மேல் அக்கறை வந்தது. இன்னும் பத்து வருடம் ஓட்டலாமா, கழற்றிப் பழைய இரும்புக்குப் போட்டுவிடலாமா என்று நேரில் பார்த்து முடிவு செய்ய ஆள் அனுப்புகிறார்கள் என்றார்கள். "பெருசு போச்சுன்னா உங்கள வடக்க இருக்கற பிளான்ட்டுக்கு அனுப்பிடுவாங்க சார். நல்ல குளிர், நல்ல கோதுமை" என்றார் மேனேஜர், பரிசு விழுந்த செய்தி சொல்வது போல. எனக்குத் தெரிந்த இந்தி வார்த்தை ஒன்றே ஒன்று: பேஜார். அதுவும் சைதாப்பேட்டையில் கற்றது.

அவர்கள் வரத் தேர்ந்தெடுத்த நாள், ஆயுத பூஜை விடுமுறை முடிந்து ஆலை திறக்கும் நாள். காலையில் போனால் ஆபரேட்டர் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறான். பெரும்பாக்கத்துக்காரன், என்னோடு பல வருடம் ஓட்டியவன்.

"அண்ணா, பெருசு எறங்க மாட்டேங்குது."

"பட்டனை ஒழுங்கா அமுக்கு."

"இத்தினி வருசமா அமுக்கிக்கினு கீறேன். இன்னிக்குத்தான் கத்துக்கப் போறேனா?"

மோட்டார் ஓடியது. மேலே இருக்கும் இரும்புத் தலை மட்டும் இறங்கவில்லை. எனக்குப் பதற்றம் வந்தால் குரல் கனமாகும். "யாரும் பதறாதீங்க" என்று அந்தக் கனமான குரலில் சொன்னேன். அங்கே பதறிக்கொண்டிருந்தது நான் ஒருவன்தான்.

காற்றழுத்தம் பார்த்தேன், சரி. எண்ணெய் பார்த்தேன், சரி. ஏணியில் உச்சி வரை ஏறினேன். ஏன் ஏறினேன் என்பது மறந்துபோய் இறங்கினேன். ஞாபகம் வந்து மறுபடி ஏறினேன். அதற்குள் மனதில் கம்பளிக் குல்லாய் போட்டு, முன்பின் தெரியாத ஊரில் பேருந்து எண் விசாரித்துக்கொண்டிருந்தேன்.

"டார்ச் எங்க? யாராவது டார்ச் குடுங்கப்பா."

"அண்ணா, கைல இன்னா கீது?"

"டார்ச்சு."

"அப்பால இன்னாத்துக்கு எல்லாரையும் கேட்டுக்கினு கீறீங்க?"

அப்போது மேனேஜரின் போன். "சார், அவங்க வந்துட்டாங்க. டீ குடுத்து உக்கார வெச்சிருக்கேன். எவ்ளோ நேரம் ஆகும்?"

"ரெண்டு டீ ஆகும் சார்."

"ரெண்டாவது டீய யார் சார் குடிப்பாங்க?"

"பிஸ்கட்டோட குடுங்க."

போனை வைத்துவிட்டுப் பெருசின் முன்னால் போய், வேறு வழியில்லாமல், கும்பிட்டேன். கும்பிட்டபடி நின்றதால்தான் அது கண்ணில் பட்டது. பிரஸ்ஸின் முன்னால் இரண்டு பக்கமும் சென்சார் உண்டு. அவற்றுக்கு நடுவே கண்ணுக்குத் தெரியாத ஒளி ஓடும். ஆபரேட்டரின் கை அதை மறித்தால் தலை இறங்காது; கை தப்பிக்கும். அதில் ஒரு சென்சாரின் கண்ணாடி மேல், தடிமனாகச் சந்தனம், நடுவில் ரூபாய்க் காசு அளவுக்குக் குங்குமம். ஏதோ மறிக்கிறது என்று சொல்ல வேண்டிய சிவப்பு விளக்கு, வாடிய சாமந்தி மாலைக்குப் பின்னால் யாருக்கும் தெரியாமல் எரிந்துகொண்டிருந்தது.

"எந்த அறிவாளிடா இங்க பொட்டு வெச்சது?"

ஆபரேட்டர் மெதுவாகச் சொன்னான்: "நீங்கதாண்ணா வெச்சீங்க. 'பெருசுக்கு நெத்தி எங்க கீதுன்னு தெரியல, கண்ணுலயே வெச்சிடறேன்'னு சொல்லிக்கினே வெச்சீங்க. நாங்கோ கூட சிரிச்சோமே."

சிரிக்க ஆள் இருந்தால் நான் எங்கே வேண்டுமானாலும் பொட்டு வைப்பவன். கைக்குட்டையை எடுத்து அவசரமாகத் துடைக்கும்போது பின்னால் செருமல் சத்தம். தலைமை அலுவலகத்து அம்மா நின்றிருந்தார், பக்கத்தில் மேனேஜர். இரண்டாவது டீயை நிஜமாகவே யாரும் குடிக்கவில்லை போலிருக்கிறது.

"என்ன பிராப்ளம்?"

"ஆப்டிகல் பாத்ல ஒரு மைனர் அப்ஸ்ட்ரக்‌ஷன் மேடம்."

அவர் என் கைக்குட்டையைப் பார்த்தார். "குங்குமமா?"

"சந்தனமும் இருக்கு மேடம்."

அவர் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்திருக்கும். "நல்லாத் துடைச்சிட்டு ஓட்டுங்க" என்றார். ஓட்டினோம். தலை இறங்கும்போதெல்லாம் ஒரு நீளக் கம்பை ஒளிக்கு நடுவே நீட்டினார். ஒவ்வொரு முறையும் பெருசு அப்படியே நின்றது. மேலே ஏறினார், அடியில் புகுந்தார், நான் வருடக்கணக்காக எண்ணெய் போட்ட இடங்களில் எல்லாம் விரலை வைத்துப் பார்த்தார். சாயங்காலம் கையைக் கழுவிக்கொண்டே சொன்னார்: "ஒரு பொட்டுக்கே நிக்குதுன்னா கண்ணு நல்லாத்தான் இருக்கு. மத்ததும் பரவால்ல. பத்து வருஷம் ஓட்டலாம்." பிறகு மேனேஜரிடம், "இவரையும் இங்கயே வெச்சுக்குங்க. பூஜைத் தட்டை மட்டும் வேற ஆள் கிட்ட குடுங்க."

கம்பெனி பஸ்ஸில் ஏறியதும் மனைவிக்கு போன் போட்டேன்.

"பத்து வருஷம் குடுத்துட்டாங்க."

"எந்தக் கேஸ்ல?"

விளக்கிச் சொன்னேன். "அப்போ நீங்க எங்கயும் போகலையா?" என்றாள். அந்தக் குரலில் இருந்தது நிம்மதியா, ஏமாற்றமா என்று நான் ஆராயவில்லை. ஓடிக்கொண்டிருப்பதைத் திறந்து பார்க்கக் கூடாது என்பது என் தொழிலில் முதல் பாடம்.

வண்டலூர் தாண்டும்போது திடீரென்று ஒரு சந்தேகம். காலையில் உச்சியில் ஒரு மூடியைத் திறந்தேனே, மூடினேனா? ஆபரேட்டரைக் கூப்பிட்டேன்.

"நீங்கோ தொறக்கவே இல்லண்ணா. ஸ்பேனரைத் தேடிக்கினு இருந்துட்டு எறங்கிட்டீங்க."

நிம்மதியாகச் சாய்ந்து உட்கார்ந்தேன். பெருங்களத்தூர் வருவதற்குள், எண்ணெய் வால்வு ஞாபகத்துக்கு வந்தது.