ஓரத்துக் கல்

என் அப்பாவுக்கு ரிக் வண்டியில் வேலை. வடக்கே ஊர் ஊராகப் போய் ஆழ்துளைக் கிணறு போடுவார்கள். சத்தீஸ்கர் என்பார், மத்தியப் பிரதேசம் என்பார். எனக்கு இரண்டும் ஒன்றுதான். அங்கே அப்பா இருந்தார், இங்கே கொல்லிமலையில் இல்லை, அவ்வளவே. அந்தப் பக்கம் மழை பிடித்துக்கொண்டால் வண்டி நிற்கும், அவருக்கும் லீவு கிடைக்கும். அதனால் முன்பின் பார்த்திராத அந்த ஊர்களில் அடைமழை பெய்ய வேண்டும் என்று சாமி கும்பிட்ட ஒரே பிள்ளை எங்கள் மலையின் தேவனூர் நாட்டிலேயே நானாகத்தான் இருப்பேன்.

ஒருமுறை அப்படி வந்தவர் சும்மா இருக்கவில்லை. வீட்டு முன்னால் இருந்த கான்கிரீட் தளத்தில் பாசி பிடித்து அம்மா வழுக்கி விழுந்திருந்தாள். அதன் மேல் கல் பதித்தே தீருவேன் என்று கிளம்பிவிட்டார். பலகைக் கற்கள் லாரியில் கொண்டை ஊசி வளைவெல்லாம் ஏறி வந்து சேர்ந்தன. அப்பா பாசியைச் சுரண்டி, தளத்தைக் கொத்திவிட்டு, சிமெண்ட் பால் ஊற்றினார். அம்மா கலவை குழைத்தாள். ஒவ்வொரு கல்லையும் வைத்து, கட்டையால் தட்டி, தண்ணீர் வெளியே ஓட வாட்டம் பார்த்தார். இருக்கிற கொஞ்ச நாளையும் இந்தக் கல்லே தின்றுவிடும் போலிருக்கிறதே என்று எனக்கு அழுகையாக வந்தது.

"எப்பப்பா போவே?" என்று கேட்டேன்.

"கல்லு நல்லா இறுகோணும் கண்ணு. நான் ஏறி நின்னு பாத்துட்டுத்தான் போவேன். அது வரைக்கும் தண்ணி ஊத்துறது உன்ற வேலை."

எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. காயப்போட்ட மிளகில் தூறல் விழுந்தால் மறுபடியும் முதலிலிருந்து காய வேண்டும். கல்லுக்கும் அதுதானே சட்டம்? ஈரம் இருக்கும்வரை இறுகாது, இறுகாதவரை அப்பா போக மாட்டார். இவ்வளவு பெரிய ரகசியத்தை அவரே என் கையில் கொடுத்துவிட்டாரே என்று நினைத்து, குடம் குடமாக ஊற்றினேன். பள்ளிக்கூடம் போகுமுன் ஊற்றினேன், வந்ததும் பையை வீசிவிட்டு ஊற்றினேன். மேலே போட்டிருந்த சாக்கு ஒருநாளும் காயவில்லை. சிமெண்ட் தண்ணீர் குடித்துத்தான் இறுகும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை.

வடக்கே மழை விட்டுவிட்டது. முதலாளியின் போன் வந்தது. அப்பா சாக்கை எடுத்துப் போட்டுவிட்டுக் கல் மேல் ஏறினார். குதிகாலால் ஓங்கி மிதித்தார்.

"இரும்பாட்டம் நிக்குது! நல்லாத் தண்ணி ஊத்தியிருக்கறே சாமி" என்று என் தலையைத் தடவினார். அந்தப் பாராட்டைப் போல என்னை அழவைத்தது வேறொன்றும் இல்லை.

மத்தியான பஸ்ஸுக்குப் பையோடு புறப்பட்டார். வாசற்படியில் நின்ற அம்மா மெதுவாகச் சொன்னாள்.

"ஏனுங்க, அந்த ஓரத்துக் கல்லு ஆடுறாப்பல இருக்குதுங்க."

அப்பா திரும்பிப் போய் அதன் மேல் ஏறி நின்றார். கல்லைப் பார்க்கவில்லை, அம்மாவைத்தான் பார்த்தார். "ஆமா, ஆடுது" என்று பையைக் கீழே வைத்தார். பஸ் போய்விட்டது.

மறுநாள் அவர் போன பிறகு, அந்தக் கல்லின் மேல் ஏறிக் குதித்தேன். ஓடி வந்து குதித்தேன், இரண்டு காலாலும் குதித்தேன். இம்மி அசையவில்லை. தாங்களே கலவை குழைத்துத் தாங்களே பதித்த கல், ஆடுகிறதா இல்லையா என்றுகூட இந்த இருவருக்கும் பார்க்கத் தெரியவில்லையே என்று எனக்கு ஒரே ஆச்சரியமாக இருந்தது.