அய்யா வேண்டாமென்ற ஆஸ்பத்திரி

எழுபதுகளின் கடைசியில் விளாத்திகுளம் பக்கம் எங்களுக்கு மிளகாய்க் காடு இருந்தது. களத்தில் வத்தல் காயப்போட்டுக்கொண்டிருந்தபோது அய்யா என்னிடம் சொன்னார்: "நான் விழுந்துட்டா மதுரைக்குத் தூக்கிட்டுப் போயிராதப்பா. இங்கன நம்ம வீட்லயே போயிருதேன்."

"சரிய்யா" என்றேன்.

மறுவருஷம் பக்கவாதம் வந்து அவருக்குப் பேச்சு நின்றுபோனது. "இன்னும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகலையா?" என்று சொந்தக்காரர்கள் கேட்டார்கள். அய்யா சொன்னதை அவர்களிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அப்பனைக் கைவிட்டவன் என்பார்களே என்று பயம். கோவில்பட்டியிலிருந்து வாடகைக் கார் வரவழைத்தேன். தூக்கும்போது அய்யா நல்ல கையால் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டார். அந்த விரல்களை நான்தான் பிரித்துவிட்டேன்.

ஒன்பதாம் நாள், மூக்கில் குழாயோடு மதுரையில் இறந்தார். துக்கத்துக்கு வந்தவர்கள், "மகன்னா இப்படிப் பாக்கணும்" என்றார்கள். நான் மறுக்காமல் கும்பிட்டேன். நினைத்தால் இன்றும் உடம்பு கூசுகிறது.